ஆங்கில எழுத்துப் பரீட்சை: எந்த வேலைக்கு எந்தத் தொடர்?

வவுனியாவிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் தங்கி வெளிநாடு செல்ல விரும்புவோரின் ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, ஒருநாள் மாலை தன் கட்டுரையை என் மேசையில் வைத்தாள். பொதுப் போக்குவரத்தை இலவசமாக்க வேண்டுமா என்பது வினா. 300 சொற்களுக்கு மேல் எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. “டீச்சர், இதற்கு 9இல் 7 வருமா?” என்று கேட்டாள்.

நான் பென்சிலை எடுத்து, வேறு எந்தக் கட்டுரைக்குள் தூக்கி வைத்தாலும் பொருந்திவிடும் வரிகளை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டு போனேன். “இன் திஸ் மொடர்ன் இரா” என்று தொடங்கும் வரி. “எவ்ரி கொயின் ஹாஸ் டூ சைட்ஸ்” என்ற வரி. “லாஸ்ட் பட் நொட் லீஸ்ட்” என்று தொடங்கும் பந்தி. கடைசியில் கோடு விழாமல் எஞ்சியவை ஏழே வரிகள். அவற்றில் ஒன்று, பஸ் கட்டணம் கொடுக்க முடியாமல் வாரத்தில் இரண்டு நாள் பாடசாலைக்கு வராமல் நின்ற தன் வகுப்புத் தோழியைப் பற்றியது. முழுக் கட்டுரையிலும் உயிருள்ள வரி அதுதான். “மிச்சம் எல்லாம் பாடமாக்கியது, டீச்சர்” என்று மெதுவாகச் சொன்னாள்.

பாடமாக்கியதற்காக நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். தொடர்களைப் பாடமாக்காமல் இரண்டாம் மொழியில் யாரும் எழுதப் பழகியதில்லை. அவளிடம் யாரும் சொல்லாமல் விட்டது, ஒவ்வொரு தொடரும் எந்த வேலையைச் செய்யப் பிறந்தது என்பதைத்தான். கொழும்புக்குப் புதிதாக வந்து இந்தப் பரீட்சைக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு உங்கள் கொப்பியில் ஆங்கிலத்தில் நீங்களே எழுதி, எழுத்துக்கூட்டலை அகராதியில் சரிபாருங்கள். கண்ணால் பார்த்துப் படியெடுத்த தொடர் பரீட்சை மண்டபத்தில் கைவிட்டுவிடும். காதில் விழுந்து கையால் எழுதிய தொடர் நிற்கும்.

முதலில்: எந்தப் பரீட்சை என்று தெளிவாகுங்கள்

கொழும்பில் ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையை பிரிட்டிஷ் கவுன்சிலும் ஐ.டி.பி. என்ற நிறுவனமும் நடத்துகின்றன. பரீட்சை ஒன்றே, யாரிடம் எழுதினாலும் புள்ளியிடும் முறை மாறாது. ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. பல்கலைக்கழகத்துக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் எழுதுவது அகடமிக். கனடா போன்ற நாடுகளுக்குக் குடிபெயர விண்ணப்பிப்பவர்கள் எழுதுவது ஜெனரல் ட்ரெய்னிங். தவறான வகைக்குப் பணம் கட்டிவிட்டு வந்து நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். விண்ணப்பிக்கப் போகும் இடத்தின் அறிவுறுத்தலை வாசித்த பிறகே பதிவுசெய்யுங்கள்.

இரண்டு வகையிலும் எழுத்துப் பகுதிக்கு 60 நிமிடம், இரண்டு வினாக்கள். முதல் வினாவுக்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்குக் குறைந்தது 250. முதல் வினா அகடமிக்கில் வரைபு, அட்டவணை, படம் ஆகியவற்றை விவரிப்பது, ஜெனரலில் கடிதம். இரண்டாவது இரண்டிலும் கட்டுரை. இரண்டாவது வினாவுக்கு முதலாவதைப் போல இரு மடங்கு பெறுமதி. எனவே 20 நிமிடம் முதலாவதற்கு, 40 நிமிடம் இரண்டாவதற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

புள்ளி நான்கு அளவுகோல்களில் சமமாகப் பிரிகிறது: கேட்டதற்கு விடை எழுதியிருக்கிறீர்களா, கருத்துகள் ஒன்றோடொன்று ஒழுங்காகத் தொடர்கின்றனவா, சொல்வளம், இலக்கணம். இணைப்புச் சொற்கள் இயந்திரத்தனமாக வருவது 6ஆம் புள்ளிக்குரிய அடையாளங்களில் ஒன்றாக, புள்ளியிடும் விளக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் “மோரோவர்”, “ஃபர்தர்மோர்” என்று தொடங்கினால் 7 கிடைக்கும் என்று நம்புபவர்கள் அதை ஒருமுறை வாசிக்க வேண்டும். கனடாவுக்குக் குடிபெயர்வோரின் மொழித்திறனை அளக்கும் சி.எல்.பி. அளவுகோலில் 9ஆம் படிக்கு எழுத்தில் 7 தேவை. 6க்கும் 7க்கும் இடையில் நின்று இரண்டு மூன்று முறை பணம் கட்டும் குடும்பங்கள் வெள்ளவத்தையில் எத்தனையோ. அந்த இடைவெளியைக் கடக்க உதவும் தொடர்கள்தான் கீழே வருகின்றன.

கொப்பியை வேலை வாரியாகப் பிரியுங்கள்

அகர வரிசையில் தொடர்களை எழுதி வைக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை: முறையிடுதல், வேண்டுதல், மன்னிப்புக் கேட்டல், ஒப்பிடுதல், உடன்படுதல், ஓரளவு மட்டும் உடன்படுதல், காரணம் சொல்லல், உதாரணம் காட்டல். ஒரு வேலைக்கு மூன்று தொடர்கள் போதும். ஒவ்வொன்றின் கீழும் உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். வாக்கியம் எழுத வராத தொடர் உங்களுக்கு இன்னும் சொந்தமாகவில்லை. அதைப் பரீட்சையில் தொடாதீர்கள்.

கடிதம்: விண்ணப்பத் தமிழை மறக்க வேண்டிய இடம்

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பிரதேச செயலகத்துக்கோ அதிபருக்கோ கடிதம் எழுதி நமக்குப் பழக்கம். “தங்களைப் பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன்” என்று எழுதாவிட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது அப்படியே “ஐ ஹம்ப்லி ரிக்வெஸ்ட் யுவர் குட் செல்ஃப்” என்று ஆங்கிலத்தில் இறங்கிவிடுகிறது. கொழும்பு அலுவலகங்களில் நாள்தோறும் காணும் “கைண்ட்லி டூ த நீட்ஃபுல்” என்பதும் அப்படித்தான். பரீட்சையில் இவை பழைய வாடை அடிக்கும். ஆங்கிலத்தில் மரியாதை தாழ்ந்து பணிவதில் இல்லை; வேண்டுகோளை நிபந்தனையாக மென்மையாக்குவதில் இருக்கிறது. “ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்” என்று தொடங்கி, வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுங்கள். உத்தியோகபூர்வக் கடிதத்தில் வேண்டுவதற்கு இந்த ஒரு தொடரே போதும். அடுத்ததாக வைத்துக்கொள்ள “வுட் இட் பி பொசிபிள் டு” நல்லது.

கடிதத்தை ஏன் எழுதுகிறீர்கள் என்பதை முதல் வரி சொல்ல வேண்டும். முறையிட “ஐ ஆம் ரைட்டிங் டு கம்ப்ளெய்ன் எபவுட்”. விசாரிக்க “ஐ ஆம் ரைட்டிங் டு என்குவயர் எபவுட்”. விண்ணப்பிக்க “ஐ ஆம் ரைட்டிங் டு அப்ளை ஃபோர்”. மன்னிப்புக் கேட்க “ஐ ஆம் ரைட்டிங் டு அபொலஜைஸ் ஃபோர்”. பின்னால் வரும் சிறு சொல்லையும் சேர்த்தே பாடமாக்குங்கள். விண்ணப்பத்துக்கும் மன்னிப்புக்கும் “ஃபோர்”, முறைப்பாட்டுக்கும் விசாரணைக்கும் “எபவுட்”. அந்தச் சிறு சொல் பிழைத்தால் பெரிய தொடர் முழுவதும் பிழைத்துவிடும்.

“மை நேம் இஸ்” என்று தொடங்காதீர்கள். பெயர் கடிதத்தின் அடியில் வரும்.

விளிக்கும் சொல்லும் முடிக்கும் சொல்லும் சோடி பிரியாதவை. பெயர் தெரியாதவருக்கு “டியர் சேர் ஓர் மேடம்” என்றால் முடிவில் “யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி”. “டியர் மிஸ்டர் பெரேரா” என்றால் “யுவர்ஸ் சின்சியர்லி”. நண்பருக்கு “பெஸ்ட் விஷஸ்”. இந்த மூன்றையும் மாற்றிப் போட்டால், கடிதத்தின் தொனி தெரியாதவர் என்று பரீட்சகர் நினைப்பதற்கு நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

முடிக்கும் வரியில் ஒரு பொறி இருக்கிறது. “ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ” என்பதே சரி. “டு” என்ற சொல்லைக் கண்டதும் பின்னால் வெறும் வினையடி வர வேண்டும் என்று பாடசாலையில் பழகியதால் “ஹியர்” என்று எழுதிவிடுகிறோம். இந்த “டு” வேறு. “உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்” என்கிறோம் அல்லவா? “பதிலை” என்று ஒரு பெயர் அங்கே நிற்பதைப் போல, ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் பெயர்தான் நிற்க வேண்டும். வினையைப் பெயராக்குவதற்குத்தான் அந்த “இங்”.

நண்பருக்கு எழுதும் கடிதத்தில் இன்னொரு பழக்கம் குறுக்கே வரும். “நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்குவது நம் கடித மரபின் அழகு. அதை ஆங்கிலத்தில், இறைவன் அருளால் நானும் நலம், வீட்டில் அனைவரும் நலமா என்று நான்கு வரி நீட்டினால் 150 சொற்களில் கால்வாசி போய்விடும். “ஹௌ ஆர் திங்ஸ்?” என்று ஒரு வரி, “சொரி ஐ ஹாவன்ட் பீன் இன் டச்” என்று இன்னொரு வரி. உடனே விடயத்துக்குப் போய்விடுங்கள். “பை த வே” என்று பேச்சை மாற்றலாம். “லெட் மீ நோ” என்று முடிக்கலாம். “ஹாவன்ட்”, “கான்ட்” போன்ற சுருக்க வடிவங்கள் நண்பருக்கான கடிதத்தில் இருக்கவே வேண்டும், உத்தியோகபூர்வக் கடிதத்தில் இருக்கக் கூடாது.

கடித வினாவில் மூன்று விடயங்கள் சிறு பட்டியலாகத் தரப்பட்டிருக்கும். மூன்றுக்கும் விடை எழுதுங்கள். மிக அழகாக இரண்டை எழுதி மூன்றாவதை விட்டவருக்கு எந்தத் தொடரும் கைகொடுக்காது.

வரைபு: கொழும்பு மழையை எழுதிப் பழகுங்கள்

அகடமிக் எழுதுபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி, கொழும்பின் மாதாந்த மழைவீழ்ச்சியைக் காட்டும் ஒரு நிரல் வரைபு. இங்கே மழைக்கு வருடத்தில் இரண்டு உச்சங்கள்: ஏப்ரல், மே ஒன்று, ஒக்டோபர், நவம்பர் மற்றது. ஜனவரி, பெப்ரவரி வறண்டவை. ஜூலையும் ஓகஸ்டும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒரு வரைபுக்கு வேண்டிய எல்லா அசைவும் இதில் இருக்கிறது.

வினாவை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லும் ஒரு வாக்கியத்தோடு தொடங்குங்கள். “ஷோஸ்” என்று வினாத்தாள் சொன்னால் நீங்கள் “இலஸ்ட்ரேட்ஸ்” என்று சொல்லலாம். வினாத்தாளை அப்படியே படியெடுத்த சொற்கள் கணக்கில் சேர்வதில்லை.

அடுத்து, எண் எதுவும் இல்லாத ஒரு பொதுப்பார்வை. “ஓவரால், இட் இஸ் கிளியர் தட்” என்று தொடங்கி, மழை இருமுறை உச்சம் தொடுகிறது, வருடத் தொடக்கத்தில் மிகக் குறைவு என்று இரண்டு வாக்கியங்கள். இந்தப் பந்தி இல்லாத விடை உயர்ந்த புள்ளிக்கு ஏறவே ஏறாது. எண்களை அடுக்குவதற்கு முன்பே இதை எழுதிவிடும்படி நான் வற்புறுத்துவது அதனால்தான்.

பிறகு அசைவுகள். வேகமாக ஏறினால் “ரோஸ் ஷார்ப்லி”. சீராக இறங்கினால் “ஃபெல் ஸ்டெடிலி”. ஒரே மட்டத்துக்கு வந்து நின்றால் “லெவல்ட் ஓஃப்”. ஏறி இறங்கித் தடுமாறினால் “ஃப்ளக்சுவேட்டட்”. உச்சம் தொட்டால் “ரீச்ட் எ பீக்”. இரண்டை எதிரெதிராக வைக்க “வைல்” அல்லது “வேராஸ்”.

எண்ணோடு வரும் “டு”, “பை” இரண்டும் பலரைக் குழப்புகின்றன. தமிழ் இதைத் தெளிவாக வைத்திருக்கிறது. 50 இலிருந்து 70 ஆக உயர்ந்தது. 20 ஆல் உயர்ந்தது. “ஆக” வரும் இடத்தில் “டு”, “ஆல்” வரும் இடத்தில் “பை”. சந்தேகம் வந்தால் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

மழைக்குப் பருவப்பெயர்ச்சிக் காற்றும் ஒரு காரணம் என்பது நமக்குத் தெரியும். அதை எழுதாதீர்கள். வரைபில் இல்லாத காரணத்தை எழுத இந்த வினாவில் இடம் இல்லை.

கட்டுரை: ஒரு பந்தியைக் கட்டிப் பார்ப்போம்

பாடசாலைத் தமிழ்க் கட்டுரையை நாம் “விஞ்ஞானம் வளர்ந்துவிட்ட இன்றைய நவீன உலகிலே” என்று தொடங்கி, “நாமும் பாடுபடுவோமாக” என்று முடிக்கப் பழகியவர்கள். மேடைப் பேச்சிலிருந்து வந்த வடிவம் அது. அதற்குரிய இடத்தில் கம்பீரமாகவே இருக்கும். ஐ.ஈ.எல்.டி.எஸ். கட்டுரை கேட்பது வேறு: இந்த வினாவுக்கு உன் நிலைப்பாடு என்ன, ஏன்?

வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாடசாலை மாணவர்களுக்கான பிரத்தியேக வகுப்புகளைத் தடைசெய்ய வேண்டும் என்று சிலர் கூறுகின்றனர். நீங்கள் எவ்வளவு தூரம் உடன்படுகிறீர்கள்? நம் வீடுகளில் இதைப் பற்றிக் கருத்து இல்லாதவர் கிடையாது.

அறிமுகத்துக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். “சம் பீப்பிள் ஆர்கியூ தட்” என்று வினாவின் கருத்தை உங்கள் சொற்களில் சொல்லுங்கள். அடுத்தது நிலைப்பாடு: “வைல் ஐ அக்செப்ட் தட்”, இந்த வகுப்புகள் பிள்ளைகளின் ஓய்வைப் பறிக்கின்றன; “ஐ டூ நொட் பிலீவ் தட்”, தடை அதற்குத் தீர்வு. ஒரே வாக்கியத்தில் மறுதரப்புக்கு ஒரு இடம் கொடுத்து, உங்கள் தரப்பையும் நிறுத்திவிட்டீர்கள். நான் கற்பிக்கும் தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த “வைல் ஐ அக்செப்ட்”. எதிர்க்கருத்தைக் கேட்டவர் எழுதிய வாக்கியமாக அது ஒலிக்கிறது.

இனி உடற்பந்தி. முதல் வாக்கியம் காரணம்: “த மெயின் ரீசன் இஸ் தட்”, எல்லாப் பாடசாலைகளிலும் எல்லாப் பாடங்களுக்கும் ஆசிரியர்கள் இல்லை. இரண்டாவது அதை விளக்கும்: “திஸ் மீன்ஸ் தட்”, கணித ஆசிரியர் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு மாலை வகுப்புதான் ஒரே வகுப்பு. மூன்றாவது உதாரணம்: “இன் மை ஹோம்டவுன், ஃபோர் எக்சாம்பிள்”, நீங்கள் கண்ணால் கண்ட ஒன்று. நான்காவது விளைவு: “இஃப் சச் கிளாசஸ் வேர் பேன்ட்”, அந்தப் பிள்ளைக்கு என்ன நேரும். நான்கு தொடர்களும் மிக எளியவை. பந்திக்கு எடை கொடுப்பது மூன்றாவது வாக்கியத்தில் நீங்கள் வைக்கும் உண்மை. வவுனியாப் பிள்ளையின் கட்டுரையில் அந்தத் தோழி இருந்தாளே, அந்த இடம் இதுதான்.

எதையும் அடித்துச் சொல்லாதீர்கள். எல்லாப் பெற்றோரும் இப்படித்தான் என்று எழுதினால் ஒரு விதிவிலக்கு உங்களைத் தோற்கடித்துவிடும். “பேரண்ட்ஸ் டெண்ட் டு”, “திஸ் மே லீட் டு”, “டு சம் எக்ஸ்டென்ட்” ஆகிய மூன்றும் கருத்தை அளந்து வைக்கும் தொடர்கள். முடிவுரையில் “இன் கன்க்ளூஷன்” என்று தொடங்கி நிலைப்பாட்டை வேறு சொற்களில் ஒருமுறை சொல்லுங்கள். புதிய கருத்து வேண்டாம்.

தமிழிலிருந்து நழுவி வரும் பிழைகள்

“என்னைப் பொறுத்தவரை” என்பது “அக்கோர்டிங் டு மீ” ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது பிறர் கூற்றுக்கு மட்டும்தான். உங்கள் கருத்துக்கு “இன் மை வியூ”. “அதைப் பற்றி விவாதித்தோம்” என்பதில் உள்ள “பற்றி”, “டிஸ்கஸ் எபவுட்” என்று கூடவே வந்துவிடுகிறது. “டிஸ்கஸ்” தனியாகவே நிற்கும். தகவல்கள், ஆலோசனைகள், உபகரணங்கள் என்று நாம் பன்மையில் சொல்வோம்; “இன்ஃபோர்மேஷன்”, “அட்வைஸ்”, “எக்விப்மன்ட்” ஆகியவற்றோடு ஆங்கிலத்தில் பன்மை “எஸ்” சேராது. “ஓல்தோ” என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் “பட்” வரக் கூடாது. “மழை பெய்தாலும் விளையாட்டு நடந்தது” என்கிறோம். “ஆலும்” வந்த பிறகு தமிழிலும் “ஆனால்” தேவைப்படுவதில்லையே.

பழகும் இடமும் நேரமும்

உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு மணிநேர அமைதி கிடைப்பது கடினம். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. விகாரமாதேவி பூங்காவுக்கு அருகே கொழும்பு பொது நூலகம் இருக்கிறது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, 60 நிமிடத்தில் இரண்டு வினாக்களையும் எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும். மற்ற நாள்களில் எழுதியதைத் திருத்துங்கள். திருத்தாமல் எழுதிக் குவிப்பவர் அதே பிழைகளை உறுதியாக்கிக்கொள்கிறார்.

கணினியில் எழுதத் தீர்மானித்தால் பயிற்சியும் தட்டச்சிலேயே இருக்கட்டும். சொற்களின் எண்ணிக்கையைத் திரை காட்டிக்கொண்டிருக்கும். எண்ணி நேரம் வீணாக்க வேண்டியதில்லை. தாளில் எழுதும் வாய்ப்பு கிடைப்பவர்கள் தங்கள் கையெழுத்தில் 150 சொற்களும் 250 சொற்களும் எத்தனை வரிகள் என்று வீட்டிலேயே எண்ணி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுசெய்தபோது கொடுத்த அதே அடையாள ஆவணத்தைப் பரீட்சை நாளன்று கொண்டுபோங்கள். காலி வீதி காலை நெரிசலை ஊரிலிருந்து வந்தவர்கள் குறைவாக மதிப்பிடுகிறார்கள். ஒரு நாள் முன்னதாக, அதே நேரத்தில், அதே பஸ்ஸில் மண்டபம் வரை போய்ப் பாருங்கள்.

இரண்டாவது வினாவை முடித்ததும் மூன்று நிமிடம் மிச்சம் வையுங்கள். அந்த நேரத்தில் முழுக் கட்டுரையையும் வாசிக்க முயலாமல், உங்கள் கொப்பியில் அடிக்கடி சிவப்பு விழுந்த இரண்டு பிழைகளை மட்டும் தேடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அவை ஒருமை வினையின் “எஸ்” உம், “த” என்ற சுட்டும்தான்.

இன்றிரவுக்கு ஒரு வினா. நீங்கள் வாடகைக்கு இருக்கும் அறையில் மழைநீர் ஒழுகுகிறது. வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுங்கள்: என்ன நடந்தது, உங்களுக்கு என்ன இடையூறு, அவர் என்ன செய்ய வேண்டும். 20 நிமிடம், 150 சொற்கள். எழுதி முடித்ததும் பென்சிலை எடுத்து, வேறு எந்தக் கடிதத்திலும் பொருந்தக்கூடிய வரிகளின் கீழ் கோடிடுங்கள்.